கேபிள் டை

ஒரு பலகைக்கு மூன்று டாலர்.
நாலு கேபிள் டை, இரண்டு குச்சி,
ஒரு முகம்.

டார்னீட் முழுக்க நான்தான் நட்டேன்.
சேயர்ஸ் ரோடு தொடங்கி ரயில் நிலையம் வரை
வேலிக்கு வேலி ஃபார்கர்.
வீடுகளை ஏலம் விடும் டிவி நிகழ்ச்சியில்
சுத்தியலைத் தட்டிவிட்டுக் கண்ணடிப்பாரே, அவர்.
கட்சிக்கு வயது ஐந்து மாதம்.
அவருக்கு எத்தனை வீடு என்று
அவருக்கே தெரியாதாம்;
பலகைக் கட்டை வண்டியிலிருந்து இறக்கிய பெண்
சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.
"இருக்கிறவன் ஏன் திருடப் போகிறான்?"
இதே கேள்வியை
நான் முதலில் கேட்டது தமிழில்.

அப்போது எனக்குப் பத்தொன்பது.
உடுமலையில் தியேட்டர் வாசல்,
அறுபதடி கட்-அவுட்.
சவுக்குச் சாரத்தில் ஏறி
தலைவரின் காதோரம் நின்று
குடம் குடமாய்ப் பால் ஊற்றினேன்.
மூக்கில் வழிந்து, மீசையில் கொஞ்சம் தங்கி,
கீழே காத்திருந்த நாய்க்குப் போய்ச் சேர்ந்தது.
அத்தனை கிட்டத்தில் முகம் முகமாய் இல்லை.
ரோஸ் நிறத்தில் தீற்றல்,
ஒட்டுப்பலகை, துருப்பிடித்த ஆணி,
பின்பக்கம் யாரோ சாக்பீஸில் போட்ட பால் கணக்கு.
பாக்கி நாநூற்றுப் பத்து.
இறங்கி நாலடி நடந்து திரும்பிப் பார்த்தேன்.
மறுபடி கடவுள்.

இங்கே ஏற வேண்டியதில்லை.
ஃபார்கர் இடுப்பு உயரம்தான்.
கட்டுவதற்கு மண்டியிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவரே வந்தார்,
கடைத்தெருவுக்கு, பன்னிரண்டு நிமிடம்.
ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னார்;
நாங்கள் கைதட்டினோம்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
சீருடையோடு வரிசையில் நின்றாள் மங்கையர்க்கரசி.
வேலை முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறது,
அதைக் கேட்க வேண்டும் என்று
மளிகை ரசீதின் பின்னால் எழுதி வைத்திருந்தாள்.
முறை வந்தது.
"அந்த ஏலமெல்லாம் நிஜமா?"
அவர் கண்ணடித்தார்.
ரசீது அவள் கைக்குள்ளேயே
ஈரமாகிவிட்டது.

தேர்தலன்று பள்ளிக்கூட வாசல்.
சாசேஜ் புகை, மே மாதக் குளிர்,
தள்ளுவண்டிகளில் போர்வைக்குள் குழந்தைகள்.
எனக்கு ஓட்டு இல்லை, விசாதான்.
வாசலிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி நின்று
துண்டுச்சீட்டு நீட்டினேன்.
இங்கே ஒருவரை மட்டும் தேர்ந்துவிட்டு வரமுடியாது.
ஒன்று, இரண்டு என்று
பிடிக்காதவனுக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும்.
போகாவிட்டால் அபராதம்.
நல்ல ஊர்.

சாசேஜைக் கடித்தபடி வெளியே வந்தாள் மங்கை.
"ஒன்று போட்டேன் அவருக்கு."
ஏன் என்றேன்.
"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்."
நெஞ்சில் குத்திய பேட்ஜைப் பார்த்துப் படித்தார்,
அதுவும் "மேங்கி" என்று.
நான் சொல்லவில்லை.
பாலுக்குக் கணக்கு எழுதியவன்
என்னிடம் சொன்னானா?

மூன்றாவதாய் வந்தார் ஃபார்கர்.
அடுத்த வாரமே டிவியில் சுத்தியல்.
பலகை பிடுங்க ஒன்றரை டாலர்,
நடும் கூலியில் பாதி.
கூட வந்த சியோனே
அவன் வீட்டுக் கோழிக்கூண்டின் கூரைக்கு
எட்டு ஃபார்கர் எடுத்துக்கொண்டான்.
நான் ஒன்று.

சமையலறைக் கண்ணாடி உடைந்து ஏழு வாரம்.
வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது;
ஏஜென்சிக்கு நாலு மின்னஞ்சல் போட்டாயிற்று.
பலகை ஜன்னலுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.
முகம் தெருவைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா
என்று கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பிடித்தேன்.
மழைக்கு மை கரையும் என்று
உள்பக்கமாக வைத்துக் கட்டினேன்.

கிட்டப் போனால் புள்ளிகள்தான். தெரியும்.
இருந்தாலும் விடிகாலை டீக்கு
குளிர்பெட்டியைத் திறந்து பால் எடுக்கும்போது
அந்த வெளிச்சத்தில்
ஒரு கணம்,
எனக்குத்தான் கண்ணடிக்கிறாரோ என்று
கை நிற்கிறது.